படலையிலிருந்து பஸ் வரை: வாகனத்தில் தங்கியிருத்தல் என்றால் என்ன?

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்திருந்த மாமி மகன் இரண்டாம் நாளே சலித்துவிட்டான். "என்ன மச்சான், ஏ.ரி.எம்முக்குப் போறதெண்டாலும் ஆரையாவது மோட்டச்சைக்கிளோட பிடிக்கவேண்டிக் கிடக்கு. எப்பிடித்தான் இருக்கிறியளோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில். வாசலில் இரண்டு கார் நிற்கும். பால் முடிந்தால் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். பனிக்காலத்தில் கண்ணாடியைச் சுரண்டித் துடைக்கவே கால் மணித்தியாலம் போகிறது என்று தொலைபேசியில் புலம்பியவனும் அவன்தான். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தில் எங்கள் படலைக்கு முன்னால் நின்று அவன் பட்ட குறையும், ஏஜக்ஸில் அவன் படுகிற பாடும் ஒரே சங்கதி. நகரமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வாகனத்தில் தங்கியிருத்தல் என்பார்கள்.

விளக்கம் சின்னதுதான். வேலை, பள்ளிக்கூடம், சந்தை, வைத்தியசாலை என்று அன்றாடம் போகவேண்டிய இடங்களுக்குச் சொந்த வாகனம் இல்லாத ஒருவர் நியாயமான நேரத்தில் போய்வர முடியாத ஊர், வாகனத்தில் தங்கியிருக்கிற ஊர். இதில் தங்கியிருப்பது ஊர். ஆளைப் பற்றி விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கார் பிடிக்குமா, அவரிடம் எத்தனை வாகனம் நிற்கிறது என்பதெல்லாம் வேறு கதை. கொழும்பில் வெள்ளவத்தையில் கார் வைத்திருக்கிற ஒருவர், அதை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஓட்டோவிலும் சமாளித்துவிடுவார். எங்கள் பக்கத்து அக்கராயனில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றே சொத்தாக உள்ளவரால் அது இல்லாமல் ஒரு கிழமை இழுப்பதே கஷ்டம். வாகனம் பெரிசு முதலாமவரிடம், தங்கியிருத்தல் பெரிசு இரண்டாமவரிடம்.

வெளிநாட்டு ஆய்வுகளில் எல்லாம் கார் என்றுதான் வரும். வன்னியில் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை வைத்து வாசியுங்கள். சில்லு இரண்டு குறைவு, விலை குறைவு, ஒழுங்கைக்குள்ளும் வயல் வரம்பிலும் போகும். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

உங்கள் வீட்டுக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுகமான வழி உண்டு. வண்டி கராஜில் நிற்கிற நாளில் உங்களுக்கு முதலில் என்ன யோசனை வருகிறது? "எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்று வந்தால் பரவாயில்லை. "ஆரைக் கேட்டு ஏறலாம்" என்று வந்தால் நீங்களும் எங்கள் கட்சி.

இந்தப் பேச்சுக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது 1989இல். பீட்டர் நியூமன், ஜெஃப்ரி கென்வேர்தி என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் உலகின் 32 நகரங்களை எடுத்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு பெற்றோல் எரிகிறது, ஆட்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஹூஸ்டன் போலப் பரந்து கிடக்கிற நகரங்களில் தலைக்குப் பெற்றோல் அதிகம். ஹொங்கொங் போல நெருங்கியிருக்கிற இடங்களில் மிகக் குறைவு. பெற்றோல் விலையையும் வருமானத்தையும் மறந்துவிட்டு அடர்த்தியில் மட்டும் பழியைப் போடுகிறார்கள் என்று அவர்களை மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பரந்து கிடக்கிற ஊரில் பஸ் ஓட்டுவது கடினம் என்ற அடிப்படையை யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

அடர்த்தி என்று பார்த்தால் வன்னி எங்கே நிற்கிறது? 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தில் சுமார் 113,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு நூறு பேர்கூட வராது. முல்லைத்தீவில் நாற்பதுக்கும் கீழே. கொழும்பு மாவட்டத்தில் அதே அளவு நிலத்தில் மூவாயிரத்துக்கு மேல். முல்லைத்தீவில் காடும் குளமும் நிறைய என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஐதுதான்.

இங்கேதான் எங்கள் கதை அமெரிக்கா, கனடாவின் கதையிலிருந்து பிரிகிறது. அங்கே புறநகர் என்பது திட்டமிட்டுச் செய்த பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல் நியூயோர்க்குக்கு வெளியே லெவிற்டவுன் கட்டத் தொடங்கினார்கள். ஒரே மாதிரி வீடுகள், சுற்றிப் புல்வெளி. 1956 ஜூனில் அமெரிக்கா மாநிலங்களை இணைக்கிற நெடுஞ்சாலைகளுக்கான பெரிய சட்டத்தை நிறைவேற்றியது. (அதே வருடம் ஏப்ரலில்தான் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் றோட்டு, இந்தப் பக்கம் ரயில். சந்தோஷப்பட்டது கொஞ்சக் காலம்.) அதோடு வலயச் சட்டங்கள்: இந்தப் பகுதியில் தனிவீடு மட்டும், கடை கூடாது, மாடிக் குடியிருப்பு கூடாது. மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் பால் விற்க ஒரு பெட்டிக்கடை இல்லாததற்கு அந்தச் சனத்தின் சோம்பல் காரணமில்லை; அந்த மாதிரியான சட்டம்தான் பெரும்பாலும் காரணம்.

அவனுடைய வாழ்க்கையிலேயே இதன் இரண்டு பக்கமும் உண்டு. முதல் ஆறு வருடம் ஸ்காபரோவில் மாடிக் குடியிருப்பில் இருந்தான். கார் இல்லை. ஸ்காபரோவும் புறநகர்தான், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற பஸ் வழிகள் பல அங்கே ஓடுகின்றன. 1985இல் திறந்த சின்ன ரயில் ஒன்றும் ஓடியது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு அது நின்றுபோனது, இப்போது அதற்குப் பதிலாகவும் பஸ்தான். பிறகு காசு சேர்ந்தது, வீடு வாங்கினான், ஏஜக்ஸுக்குப் போனான். வீட்டோடு சேர்த்து இரண்டு காரும் வாங்கவேண்டியதாயிற்று. "வீடு மலிவெண்டு வந்தன், காருக்குக் கட்டிக் கட்டி முடியுது" என்றான். அவனுடைய ஆசை ஸ்காபரோவிலும் ஏஜக்ஸிலும் ஒன்றுதான். மாறியது இடம்.

வன்னியில் எங்களைப் பரத்தி வைத்தது தண்ணீர்.

1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளம் வந்தபிறகுதான் இன்றைய கிளிநொச்சி. 1930களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக் காணியற்ற குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாய்க்கால் பாய்கிற வயல், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மேட்டுக்காணி. வயலை ஒட்டி வீடு இருக்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதனால் ஒரு படலைக்கும் அடுத்த படலைக்கும் இடையில் ஏக்கர்க் கணக்கில் தூரம். எங்கள் பக்கத்தில் இடம் சொல்வதே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான். கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதிக்கு வந்தால் மட்டும் 155ம் கட்டை என்று மைல்கல்லில் சொல்வோம். உள்ளே தண்ணிக் கணக்கு, வெளியே றோட்டுக் கணக்கு.

குடியேற்றத் திட்டம் போட்டவர்கள் மடையர்கள் இல்லை. அந்தக் காலத்தில் ஒருவருடைய நாள் பெரும்பாலும் அந்த வாய்க்காலோடு முடிந்தது. வேலை என்பது வயல். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கக்கடை, தபாற்கந்தோர், கோயில் எல்லாம் சைக்கிள் தூரத்தில். கச்சேரி (மாவட்ட அரசாங்கக் கந்தோர்) அலுவல் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும், ஆனால் அது வருடத்தில் ஓரிரு தடவை. வீடுகள் இவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தும் அந்த ஊரை வாகனத்தில் தங்கியிருந்த ஊர் என்று சொல்லமுடியாது.

வீடுகள் அன்றைக்கு இருந்த காணியில்தான் இன்றைக்கும் இருக்கின்றன. போகவேண்டிய இடங்கள்தான் நகர்ந்துவிட்டன. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. கச்சேரி ஏ9 ஓரத்துக்கு வந்தது. போர் முடிந்து மீள்குடியேறியபின் வங்கிகள், லீசிங் கந்தோர்கள், தனியார் மருத்துவ நிலையங்கள், ரியூசன் கொட்டில்கள், கைத்தொலைபேசிக் கடைகள் எல்லாம் கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி தாண்டி ஒரு கயிறு போல நீண்டன. வயல் ஒரு பகுதி ஆட்களுக்குத்தான் இப்போது வேலை. மற்றவர்களுக்குச் சம்பளம் அந்தக் கயிற்றில் எங்கோ ஒரு முடிச்சில் இருக்கிறது. சங்கக்கடையில் அரிசி இருக்கலாம். பிள்ளையின் இரசாயனவியல் ரியூசன் அங்கே இல்லை.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாகவே விளங்கும். தூரம் என்று நாங்கள் சொல்வது நிலத்தில் இருக்கிற தூரம் மட்டும் இல்லை. ஒரு கிழமையில் எத்தனை தரம் அந்தத் தூரத்தைக் கடக்கவேண்டி வருகிறது என்பதும் சேர்ந்ததுதான். ஊரில் ஒரு மருந்தகம் திறப்பதும், கிளினிக்கை மாதத்தில் ஒருநாள் கிராமத்துக்குக் கொண்டுவருவதும் போக்குவரத்துத் திட்டம்தான் என்று நான் சொன்னால் கந்தோரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சரி, பஸ்?

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கேட்பது, அந்த ஊருக்கு பஸ் ஓடுகிறதா இல்லையா. கேட்கவேண்டியது எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் ஓடுகிறது என்பதை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் என்றால், யாரும் தரிப்பிடத்தில் போய் நின்று காத்திருக்கமாட்டார்கள்; தங்கள் நாளையே அந்த பஸ்ஸைச் சுற்றி மடித்துக்கொள்வார்கள். எட்டு மணி வேலைக்கு ஆறே முக்கால் பஸ். நாலரைக்கு வேலை முடிந்தால் அஞ்சே முக்கால்வரை பஸ் நிலையத்து வாங்கில். ரியூசன் ஆறு மணிக்கு முடிகிற பிள்ளைக்குக் கடைசி பஸ் அஞ்சே முக்காலுக்கு. இந்த இழப்பு எந்த ரிக்கற்றிலும் அச்சடித்து வராது. ஆனால் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கலாமா என்று வீட்டில் பேசுகிற இரவில் எல்லாரும் சொல்கிற கணக்கு இதுதான்.

1972இல் ஹேர்பேர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பயணிகள் கூடினால் பஸ்களைக் கூட்டலாம். பஸ் கூடினால் காத்திருக்கும் நேரம் குறையும். அதனால் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்தவருக்கும் நன்மை. ஒருவர் புதிதாக ஏறுவதே மற்றவர்களுக்குச் செய்கிற உபகாரம். வன்னியில் நாங்கள் பார்ப்பது இது பின்னால் சுற்றுவதை. பஸ் குறைவு, அதனால் மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள் கூடியதால் பஸ்ஸில் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பத்தரை பஸ்ஸை நிற்பாட்டினார்கள்.

தனியார் பஸ்காரரைத் திட்டுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சந்தியில் நிற்கிறான், நகரமாட்டேன் என்கிறான், பிறகு பின்னால் மற்றப் பஸ் தெரிந்தவுடன் பறக்கிறான். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சேர்கிற ரிக்கற் காசுதான் அவர்களுக்கு வருமானம் என்று தெரிந்தபிறகு கோபம் கொஞ்சம் இடம் மாறியது. 1958இல் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. 1970களின் கடைசியில் தனியாருக்குத் திரும்பவும் கதவைத் திறந்தார்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே வழியில் இரண்டு விதமான பஸ்கள், ஒன்றுக்கொன்று பின்னால் இரண்டும் பத்து நிமிடத்துக்குள் போய்விட்டு, பிறகு ஒரு மணித்தியாலம் வெறும் றோட்டு. இரண்டையும் சரி இடைவெளியில் விட்டாலே, ஒரு பஸ்கூடப் புதிதாக வாங்காமல் காத்திருப்பு நன்றாகவே குறைந்துவிடும்.

ரயிலைப் பற்றி நீட்டமாட்டேன், எனக்கு அது பலவீனம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை 1905இல் ஓடிய பாதை. 1990இல் வடக்கில் நின்றது. கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரில். முதல் நாள் தண்டவாளம் பார்க்க வந்த சனத்தில் பாதிப்பேர் அதற்குமுன் ரயிலையே கண்டதில்லை. அது ஏ9ஐ ஒட்டியே ஓடுகிறது என்பதால் வடக்கு தெற்காகப் போக அருமை. புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவுப் பட்டினத்திலோ இருக்கிறவருக்கு அது எங்கோ ஓடுகிற ரயில். மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்குப் போகிற வீதிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். அந்த ஐம்பதும் சில்லில்தான்.

எவ்வளவு ஆழமாகத் தங்கியிருக்கிறோம் என்பதை 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு காட்டித்தந்தது. யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிற நல்ல வண்டி என்றாலும் 4 லீற்றர் என்பது 200 கிலோமீற்றர். எனக்கு வீட்டிலிருந்து கந்தோருக்குப் போய்வரப் பதினைந்து கிலோமீற்றர் வராது, மிச்சம் பிடித்தேன். எங்கள் கந்தோரில் இருபது கிலோமீற்றர் தள்ளியிருந்து வருகிற ஒருவருக்கு ஐந்து நாள் வேலைக்கே இருநூறும் சரி. சந்தைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு சொட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவுதான் கொடுத்தார்கள். ஊர்கள் ஒரே அளவில் இல்லை.

வயது போனவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொண்ணூறுகளில் பெற்றோலே வன்னிக்குள் வரத் தடை. கார்பரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை பின்னால் வருகிறவனின் கண்ணைக் கரிக்கும். மிச்சப்பேர் லுமாலாச் சைக்கிளில் குடும்பத்தையே ஏற்றி உழக்கினார்கள். "அப்ப சமாளிச்சம்தானே" என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். சமாளித்தார்கள். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் செத்தவர்களும் அந்தச் சமாளிப்புக்குள்தான் அடக்கம் என்பதால், அந்தக் காலத்தை யாராவது பசுமையான போக்குவரத்துக்கு உதாரணமாகக் காட்டினால் எனக்குப் பிடிக்காது.

என்னைப் போன்ற பஸ் பைத்தியங்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு கதைக்கிற நீ ஏன் மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிறாய்?" உலகம் முழுக்க நகரமைப்பில் ஈடுபாடுள்ளவர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். காரே வேண்டாம் என்று நகர நடுவுக்குக் குடிபோனவரும் இருக்கிறார், புறநகரில் வளர்ந்து அதையே வெறுத்துக்கொண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே திரும்பிப் போனவரும் இருக்கிறார். தங்கியிருத்தல் என்பது இடத்தின் குணம் என்று விளங்கிவிட்டால் இந்தக் குற்ற உணர்ச்சியில் முக்கால்வாசி கழன்றுவிடும். நான் நாளைக்கு மோட்டார் சைக்கிளை விற்றால் எங்கள் ஊருக்கு ஒரு பஸ் கூடப்போவதில்லை. எனக்கு வேலைதான் போகும்.

எல்லாம் கழன்றுவிடாது. முச்சந்தியில் உள்ள கடைக்குப் போக, ஐந்நூறு மீற்றருக்கு, நான் சாவியைத் தேடுகிறேன். அதற்கு ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. பங்குனி வெயிலைச் சொல்லலாம். றோட்டை அகலிக்கும்போது போன மரங்களைச் சொல்லலாம். மிச்சம் என் வயிறு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்கள் எழுதுகிற கட்டுரைகளில் அது அதிகம் வருவதில்லை. தங்கச்சி ஸ்கூட்டி எடுத்த வருடத்தை எங்கள் வீட்டில் ஒரு சகாப்தம் மாதிரிச் சொல்வோம். அதற்குமுன் அவள் வேலைக்குப் போவதென்றால் அப்பாவோ நானோ ஏற்றி இறக்கவேண்டும். எங்கள் நேரம்தான் அவளுடைய நேரம். போரில் கணவரை இழந்து, தனியாகக் குடும்பத்தை இழுக்கிற பெண்கள் இத்தனை பேர் இருக்கிற மண்ணில், அந்தச் சின்ன வண்டியை வெறும் தங்கியிருத்தல் என்று மட்டும் பெயரிட எனக்கு வாய் வருவதில்லை. இருட்டில், நாய் குரைக்கிற கிறவல் றோட்டில், தரிப்பிடத்திலிருந்து படலை வரை தனியே நடக்கிற அந்த ஒரு கிலோமீற்றர் அவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு கிலோமீற்றர் இல்லை. பஸ்ஸைக் கூட்டவேண்டும் என்கிறவர் தெருவிளக்கைப் பற்றியும் பேசவேண்டும்.

பஸ் ஏறுகிற ஆட்களைப் போக்குவரத்துக்காரர் இரண்டாகப் பிரிப்பார்கள்: விரும்பி பஸ் ஏறுகிறவர், வேறு வழியில்லாமல் ஏறுகிறவர். அம்மா இரண்டாவது வகை. கிளினிக் நாளில் நம்பர் எடுக்க வேண்டும் என்று விடியக்காலைப் பஸ்ஸிலேயே போய்விடுவா. போன கிழமை பத்தரைக்கே மருந்து கையில் கிடைத்துவிட்டது. அடுத்த பஸ் பன்னிரண்டேகாலுக்கு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்து இந்தக் கட்டுரையின் பஸ் பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. "தம்பி, சும்மாதானே இருக்கிறாய்? ஒருக்கா வாவன்."

ஹெல்மெற் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.